கால்பந்துப் பயிற்சியால் இளைஞரைக் குற்றத்திலிருந்து விலக்குதல்: நெல்லைச் சீமைக்கான முழுமையான வழிகாட்டி

திருநெல்வேலிச் சீமையில் இளைஞர் குற்றம் என்று நாம் பேசுவதில் திருட்டும் கஞ்சாவும் உண்டு. ஆனால் பெற்றோரை அதிகம் அச்சுறுத்துவது தெருவின் பெயராலும் சாதியின் பெயராலும் நடக்கும் வெட்டும் பழிவாங்கலுமே. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பள்ளி மாணவர் ஒருவர் தம் வீட்டுக்குள்ளேயே உடன் படிக்கும் மாணவர்களால் வெட்டப்பட்ட பிறகு, ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துரு தலைமையில் அரசு ஒரு நபர் குழுவை அமைத்தது. 2024 ஜூனில் அளிக்கப்பட்ட அந்தக் குழுவின் அறிக்கை, சாதியை அடையாளம் காட்டும் வண்ணக் கைக்கயிறுகளைப் பள்ளிகளில் தடை செய்ய வேண்டும் என்பது உட்படப் பல பரிந்துரைகளைச் செய்தது. இத்தகைய சம்பவம் ஒவ்வொன்றுக்குப் பின்னும், பையன்களுக்கு ஒரு பந்தை வாங்கிக் கொடுத்து விளையாட விட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று யாராவது சொல்வதுண்டு. ஒரே தெருப் பையன்களைச் சேர்த்து ஒரு டீம் அமைத்து, அதைப் பக்கத்துத் தெரு டீமோடு மோதவிட்டால், ஏற்கெனவே இருக்கும் பகைக்கு ஜெர்சி தைத்துக் கொடுத்தவர்களாவோம். ஆகவே எந்த நேரத்தில், எந்த இடத்தில், யாரை யாரோடு சேர்த்து, யார் பயிற்சி அளிக்கிறார் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. 12 முதல் 18 வயது வரையுள்ளவர்களுக்குப் பயிற்சி தொடங்க நினைக்கும் உடற்கல்வி ஆசிரியர்களுக்காகவும், முன்னாள் ஆட்டக்காரர்களுக்காகவும், ஊர் இளைஞர் மன்றத்தாருக்காகவும் இதை எழுதுகிறேன்.

முதல் படி: ஆபத்தான நேரத்தைக் கண்டறிதல்

பயிற்சியைத் தொடங்கும் முன் இரண்டு வாரம் ஊரைக் கவனியுங்கள். பள்ளி விட்டு வரும் மாலை நாலரை மணிக்கும் இரவுச் சாப்பாட்டுக்கும் இடையில் பையன்கள் எங்கே நிற்கிறார்கள், எந்த டீக்கடை வாசலில், எந்தப் பாலத்துச் சுவரில், ஆற்றங்கரையின் எந்தப் படித்துறையில், யாருடைய பைக்கைச் சுற்றி என்று குறித்துக்கொள்ளுங்கள். பள்ளியைப் பாதியில் விட்டவர்களின் நேரம் வேறு. கட்டட வேலைக்கோ லோடு ஏற்றவோ போகிறவன் ஆறு மணிக்குத்தான் திரும்புவான், அவனுக்கு நாலரை மணிப் பயிற்சி எட்டாக்கனி. லண்டனில் 2006 இல் பிரீமியர் லீக்கும் பெருநகரக் காவல்துறையும் சேர்ந்து ‘கிக்ஸ்’ என்ற திட்டத்தைத் தொடங்கியபோது, குடியிருப்புப் பகுதிகளில் தொல்லை மிகுந்திருந்த மாலை நேரங்களிலேயே பயிற்சியை வைத்தார்கள். பயிற்சியாளருக்கு வசதியான ஞாயிறு காலையை எடுத்துக்கொண்டால் ஏற்கெனவே ஒழுங்காக இருக்கிற பையன்கள்தாம் வருவார்கள். அவர்கள் வருவது நல்லதே. ஆனால் நாம் தேடி வந்தவர்கள் அவர்கள் மட்டும் அல்லர்.

பீடி சுற்றும் அம்மாமார், சுயஉதவிக் குழுவினர், பள்ளித் தலைமையாசிரியர், ஒவ்வொரு காவல் நிலையத்திலும் இருக்க வேண்டிய குழந்தை நல காவல் அலுவலர் ஆகியோரிடம் பேசுங்கள். காவல் நிலையத்தார் தரும் பெயர்ப் பட்டியலை அப்படியே டீமாக்கிவிடாதீர்கள். ‘கேஸ் பசங்க டீம்’ என்ற பெயர் ஒருமுறை விழுந்துவிட்டால், நல்ல வீட்டுப் பையன் வரமாட்டான். வருகிற பையனும் அந்தப் பெயரையே கெத்தாக எடுத்துக்கொள்வான். சேர்க்கை எல்லோருக்கும் திறந்ததாகவும், நாம் குறிப்பாகத் தேடுகிறவர்களுக்கு அழைப்பு நேரில் சென்று சொல்லப்படுவதாகவும் இருக்க வேண்டும்.

இரண்டாம் படி: மைதானமும் அதற்கு வரும் வழியும்

பாளையங்கோட்டையில் வ.உ.சி. மைதானமும் அண்ணா விளையாட்டரங்கமும் இருக்கின்றன. ஆனால் களக்காட்டுப் பக்கத்துப் பையனோ உவரிப் பையனோ தினமும் அங்கே வர முடியாது. ஊருக்குள் இடம் தேடும்போது எல்லோரும் அளவைப் பார்க்கிறார்கள். நான் முதலில் பார்க்கச் சொல்வது பாதையை. “அந்தத் தெரு வழியா வந்தா புடிச்சிருவானுவ சார்” என்று ஒரு பையன் சொன்னால், அந்த மைதானம் எவ்வளவு அருமையாக இருந்தாலும் அது அவனுக்கு இல்லாத மைதானமே. கோயிலுக்கோ சமுதாயக் கூடத்துக்கோ உரிய நிலம் வேண்டாம். அரசுப் பள்ளி மைதானம், பள்ளி மேலாண்மைக் குழுவின் இசைவோடு, பெரும்பாலான ஊர்களில் மிகப் பொருத்தமானது. ஏழு பேர் ஆடும் ஆட்டத்துக்கு ஏறத்தாழ 60 மீட்டர் நீளமும் 40 மீட்டர் அகலமும் போதும்.

கோடையில் வற்றிய குளத்து மண்ணில் ஆடுவது நம் வழக்கம்தான். அதில் இரண்டு சிக்கல்கள்: ஐப்பசி, கார்த்திகையில் குளம் பெருகியதும் பயிற்சி நின்றுவிடும், நின்ற பழக்கம் தையில் தானாகத் திரும்பாது, மற்றொன்று, கரையோரத்து உடைமுள்ளும் சீமைக்கருவேல முள்ளும் பந்தையும் காலையும் ஒருசேரப் பதம் பார்க்கும். ஒவ்வொரு நாளும் ஆட்டத்துக்கு முன் எல்லோரும் வரிசையாகக் கைகோத்து ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு நடந்து முள்ளும் கண்ணாடிச் சில்லும் பொறுக்கட்டும். ஐந்து நிமிட வேலைதான். யார் யார் பக்கத்தில் நிற்பது என்பதை நீங்கள் முடிவு செய்யலாம் என்பது இதன் கூடுதல் பயன்.

பணகுடி, வள்ளியூர், ராதாபுரம் பக்கம் ஆனி, ஆடிக் காற்றில் உயர்த்தி அடித்த பந்து எங்கே இறங்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. அந்த மாதங்களைத் தரையோடு தரையாகப் பாஸ் செய்யும் பயிற்சிக்கு ஒதுக்குங்கள். சாதனங்களுக்கு முதலில் ஊராட்சியைக் கேளுங்கள்: 2024 முதல் கிராம ஊராட்சிகளுக்குக் கலைஞர் விளையாட்டு உபகரணத் தொகுப்பு வழங்கப்பட்டது. அது அலுவலக அறையில் பிரிக்காமல் இருக்கிறதா என்று போய்ப் பார்ப்பதில் தவறில்லை. 13 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு ஐந்தாம் எண் பந்து, அதற்குக் கீழே நான்காம் எண். இருவருக்கு ஒரு பந்து இருந்தால் சிறப்பு. குறைந்தது நால்வருக்கு ஒன்றாவது வேண்டும். பந்துக்காக வரிசையில் நிற்கும் நேரத்தில்தான் சண்டை பிறக்கிறது.

மூன்றாம் படி: பயிற்சியாளர்

நன்றாக ஆடியவர் நன்றாகப் பயிற்சி அளிப்பார் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பின் டி லைசென்ஸ் பயிற்சியாளருக்கான தொடக்கநிலைத் தகுதி. அதை முடித்தவர் ஒருவராவது இருக்கட்டும். அதைவிட முக்கியம், வாரத்தில் நான்கு நாளும், மழையானாலும் வெயிலானாலும், சொன்ன நேரத்துக்கு வந்து நிற்பவராக அவர் இருப்பது. அப்பா வெளியூரில், அண்ணன் சிறையில் என்று வளரும் பையன், பெரியவர்கள் சொன்ன சொல்லைக் காப்பாற்றுவார்களா என்பதைத்தான் முதல் மாதம் முழுதும் சோதித்துக்கொண்டிருப்பான். வாரம் மாறி வாரம் புதுப்புது தன்னார்வலர்கள் வரும் மையத்தை அவன் நம்பமாட்டான்.

பயிற்சியாளர் இருவர் வேண்டும். இயன்றால் இருவரும் ஒரே சமூகத்தைச் சேர்ந்தவர்களாக இல்லாதிருப்பது நல்லது. இதை வெளியில் சொல்லிக்கொள்ள வேண்டியதில்லை, பையன்கள் முதல் நாளே கண்டுபிடித்துவிடுவார்கள். பெண்பிள்ளைகள் ஆடும் மையத்தில் பெண் பயிற்சியாளரோ பொறுப்பாளரோ கட்டாயம் வேண்டும். அடி கூடாது, ‘நாலு போட்டாத்தான் சொன்னபடி கேப்பான்’ என்று பெற்றோரே உரிமை கொடுத்தாலும் கூடாது, ஏனென்றால் பலமுள்ளவன் அடிக்கலாம் என்ற பாடத்திலிருந்து விலக்கத்தான் அவனைக் கூப்பிட்டிருக்கிறோம். எந்தப் பிள்ளையோடும் மூடிய அறையில் தனியாக இருக்கக் கூடாது. கடன் கொடுக்கவோ வாங்கவோ கூடாது. பிள்ளைகளின் படத்தைத் தம் ஸ்டேட்டஸில் போடக் கூடாது. பாலியல் தொல்லை பற்றித் தெரியவந்தால் அதைத் தெரிவிக்காமல் இருப்பதே போக்சோ சட்டத்தின்படி குற்றம். குழந்தைகள் உதவி எண் 1098 மைதானச் சுவரில் எழுதியிருக்கட்டும்.

நான்காம் படி: அணியைக் கலத்தல்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படியைத்தான் பின்பற்ற முடியும் என்றால் இதைப் பின்பற்றுங்கள். மேட் லோ என்ற பொருளியல் ஆய்வாளர் உத்தரப் பிரதேசத்தில் பல சாதிகளைச் சேர்ந்த 1,261 இளைஞர்களைக் கொண்டு ஓர் ஆய்வு நடத்தினார். அவர்களுள் ஒரு பகுதியினரைக் கிரிக்கெட் லீகுகளில் ஆடவிட்டு, கலப்பு அணியில் ஆடியவர்களையும் ஒரே சாதி அணியில் ஆடியவர்களையும் ஒப்பிட்டபோது, ஒரே அணியில் சேர்ந்து ஆடிய வேறு சாதியாரோடு நட்பு கூடியது. எதிரணியாக மட்டும் சந்தித்தவர்களிடத்தில் அந்தப் பயன் கிடைக்கவில்லை, விளைவு எதிர்த்திசையிலும் சென்றது. அதாவது இரண்டு தெருவும் ஒரே மைதானத்தில் இறங்கினால் மட்டும் போதாது; ஒரே பக்கத்துக் கோலைக் காக்க வேண்டும். ஊர்க் கோயில் கொடை விழாவை ஒட்டி நாம் நடத்தும் ‘தெருவுக்கு ஒரு டீம்’ போட்டிகள் பல, நல்ல எண்ணத்தோடு தவறான வடிவில் நடப்பவை என்றே சொல்வேன்.

ஈராக்கில் ஐ.எஸ். அமைப்பால் இடம்பெயர்ந்த கிறிஸ்தவர்களின் கால்பந்து அணிகளில் முஸ்லிம் வீரர்களைச் சேர்த்து சல்மா மூசா செய்து 2020 இல் வெளியிட்ட ஆய்வு, இதற்கு ஓர் எல்லையையும் காட்டுகிறது. லீகுக்குள் உறவு மேம்பட்டது, லீக் முடிந்து மாதங்கள் கழித்தும் சேர்ந்து பயிற்சி செய்தார்கள். ஆனால் மைதானத்துக்கு வெளியே, ஊர்ப் பழக்கத்தில், அந்த மாற்றம் பெரிதாகப் பரவவில்லை. ஆகவே மைதானத்தில் தோளில் கைபோட்டு நிற்கும் படத்தைப் பார்த்து வேலை முடிந்ததாக நினைத்துவிடாதீர்கள்.

நடைமுறையில் செய்ய வேண்டியவை இவை. அணி பிரிப்பதைத் தலைவர்கள் இருவர் ஆள் எடுக்கும் முறையில் விடாமல், வண்ண பிப் சட்டைகளை ஒரு பையில் போட்டுக் கண்ணை மூடி எடுக்கச் சொல்லுங்கள். லீக் ஆடும்போது மூன்று மாதத்துக்கு மாறாத அணியை நீங்களே அமைத்து, பொருநை, மணிமுத்தாறு, பச்சையாறு, நம்பியாறு என்று ஆற்றுப் பெயர்களைச் சூட்டுங்கள். ஊரில் எந்தக் கொடிக்கும் உரிமையில்லாத ஒரே வண்ணத்தில் ஜெர்சி இருக்கட்டும். தண்ணீர் ஒரே குடத்தில், ஒரே டம்ளரில். இதைப் பற்றி ஒரு சொல்லும் பேசாமல், முதல் நாள் பயிற்சியாளரே எல்லோருக்கும் பின்னால் அதே டம்ளரில் குடித்துக் காட்டினால் போதும். முகம் சுளிக்கும் பெற்றோர் ஒருவராவது வீட்டுக்குக் கூப்பிட்டுப் பேசுவார். விதியை மாற்றாமல் பொறுமையாகக் கேட்டுக்கொள்ளுங்கள்.

கைக்கயிற்றுக்கு ஆட்டத்தின் விதியே கைகொடுக்கிறது. கால்பந்து விதிகளில் நான்காவது, மோதிரம், சங்கிலி, தோல் பட்டை, ரப்பர் பட்டை என அணிகலன்கள் அனைத்தையும் கழற்ற வேண்டும், டேப் சுற்றி மறைப்பதுகூடக் கூடாது என்கிறது. மெஸ்ஸிக்கும் அதே விதி. சாதி பற்றிய சொற்பொழிவுக்குக் காதை மூடிக்கொள்ளும் பையன், ‘ரெஃப்ரி உள்ளே விடமாட்டார்’ என்றதும் பல்லால் முடிச்சை அவிழ்ப்பான். கழற்றிய கயிறுகளை நீங்கள் வாங்கி வைத்துக்கொள்ளாதீர்கள். அவன் பையிலேயே போட்டுக்கொள்ளட்டும். ஆட்டம் முடிந்து திரும்பக் கட்டினாலும் அன்று விட்டுவிடுங்கள். சில மாதங்களில் கட்ட மறப்பவர்கள் யார் என்று கவனித்துக்கொண்டால் போதும்.

ஐந்தாம் படி: ஒரு மாலைப் பயிற்சி

ஒன்றரை மணி நேரம் போதும். முள் பொறுக்கலும் வார்ம்-அப்பும் சேர்த்து 15 நிமிடம். தொடை, கெண்டைக்கால் தசைகளை நன்றாகச் சூடாக்காமல் மண் தரையில் ஓடவிடக் கூடாது. அடுத்த 20 நிமிடம் ராண்டோ: எட்டிலிருந்து பத்து மீட்டர் சதுரத்தின் ஓரங்களில் நால்வர் நின்று பந்தைத் தங்களுக்குள் அனுப்ப, நடுவில் இருவர் அதைப் பறிக்க முயல வேண்டும். நடுவில் நிற்கும் இருவரையும் வெவ்வேறு தெருவிலிருந்து தேர்ந்தெடுங்கள். ஒருவரோடொருவர் பேசாமல் இருவரும் வெளியே வர முடியாது. “மக்கா, நீ அந்தப் பக்கம் அடை” என்று முதல் முறையாக ஒருவன் மற்றவனிடம் சொல்வது பெரும்பாலும் இந்தச் சதுரத்துக்குள்தான். பின்னர் 15 நிமிடம் ஒரே ஒரு திறன், பிறகு அரை மணி நேரம் ஐந்துக்கு ஐந்து ஆட்டம், கடைசிப் பத்து நிமிடம் வட்டமாக உட்கார்ந்து பேச்சு.

முதல் மாதம் எல்லோரும் வெறுங்காலில் ஆடட்டும், அல்லது எல்லோருக்கும் ஷூ கிடைத்த பிறகு எல்லோரும் ஷூவோடு ஆடட்டும். பாதிப்பேர் ஸ்டட் ஷூவோடும் பாதிப்பேர் வெறுங்காலோடும் ஆடினால் காயமும் வரும், யார் வீட்டில் காசு இருக்கிறது என்பதும் தெரியும். ஆட்டம் முடிந்ததும் சுண்டலோ அவித்த பயறோ இரண்டு வாழைப்பழமோ கொடுக்க ஏற்பாடு செய்யுங்கள். மதியச் சத்துணவுக்குப் பிறகு எதுவும் சாப்பிடாமல் வருகிறவர்கள் இருப்பார்கள். பசித்த பையனிடம் பொறுமையை எதிர்பார்ப்பது நியாயம் இல்லை.

கோபத்தைக் கையாள ஆட்டத்திலேயே கருவி இருக்கிறது. இளையோர் ஆட்டங்களில் தற்காலிக வெளியேற்றத்தை விதிகள் அனுமதிக்கின்றன: கெட்ட வார்த்தை பேசியவனும் தள்ளியவனும் ஆட்ட நேரத்தில் பத்திலொரு பங்கு வெளியே உட்கார்ந்து, பிறகு உள்ளே வரலாம். திரும்பி வரலாம் என்பதில்தான் இதன் பலம் இருக்கிறது. தவறினால் ஒரேயடியாகத் துரத்துகிற பள்ளியையும் வீட்டையும் பார்த்தவனுக்கு, தண்டனைக்கு ஒரு முடிவும் உண்டு என்பது புதிய செய்தி. வெளியே இருக்கும்போது பயிற்சியாளர் அவன் பக்கத்தில் நிற்கலாம், பேச வேண்டாம்.

கொலம்பியாவின் மெதெயின் நகரில் பிறந்த ஒரு முறையும் நமக்குப் பொருந்தும். 1994 உலகக் கோப்பையில் தன் அணிக்கே கோல் போட்ட ஆந்த்ரேஸ் எஸ்கோபார் நாடு திரும்பியதும் அந்நகரில் சுட்டுக் கொல்லப்பட்டார். அதன் பிறகு அங்கே உருவான அமைதிக்கான கால்பந்து இயக்கத்தில், ஆட்டம் தொடங்குமுன் இரு அணியும் உட்கார்ந்து விதிகளைப் பேசி முடிவு செய்து, ரெஃப்ரி இல்லாமல் ஆடி, முடிந்ததும் ஒழுங்காக ஆடியதற்கான புள்ளிகளைத் தாங்களே வழங்கிக்கொள்வார்கள். முதல் கோலைப் பெண் ஆட்டக்காரரே போட வேண்டும் என்ற விதியும் அங்கே இருந்தது. வாரத்தில் ஒரு நாள் இப்படி ஆடிப் பாருங்கள். முதல் சில வாரம் ஆட்டத்தைவிடத் தகராறு நீளும். தகராறைப் பேசித் தீர்ப்பதே அன்றைய பயிற்சி.

ஆறாம் படி: வழக்கு உள்ள பையன்

சிறார் நீதிச் சட்டம், 2015 இன்படி 18 வயது நிரம்பாதவர் அனைவரும் சிறாரே. கொடுங்குற்றம் சாட்டப்பட்ட 16 முதல் 18 வயதினரை மட்டும், முதற்கட்ட மதிப்பீட்டுக்குப் பிறகு, பெரியவர்களைப் போல விசாரிக்க வழியுண்டு. வழக்கை விசாரிப்பது நடுவர் ஒருவரும் சமூகப் பணியாளர் இருவரும் அடங்கிய இளைஞர் நீதிக் குழுமம். குழு ஆலோசனை, சமூக சேவை, நன்னடத்தைக் கண்காணிப்பு போன்ற உத்தரவுகளை அது பிறப்பிக்கலாம் என்பதால், மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகையும் நன்னடத்தை அலுவலரையும் சந்தித்து உங்கள் மையம் இருப்பதைத் தெரிவித்து வையுங்கள். சிறாரின் அடையாளத்தை வெளியிடுவது அதே சட்டத்தின் 74 ஆம் பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறையோ இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ விதிக்கத்தக்க குற்றம். ‘திருந்தி வந்த சிறுவன்’ என்று பரிசளிப்பு விழா மேடையில் ஏற்றிப் பேசுவதும் அந்தப் பேச்சைப் பத்திரிகைக்குக் கொடுப்பதும் இதில் அடங்கும். விருந்தினர்களிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.

வாய்தா நாளில் பயிற்சிக்கு வரவில்லை என்று கேட்காதீர்கள். முடிந்தால் உடன் போங்கள். நீங்கள் போலீசுக்கு உளவு சொல்பவர் என்ற பேச்சு எழுந்தால் மையம் ஒரே வாரத்தில் காலியாகும். பையன்களின் எல்லா ரகசியத்தையும் காப்பவர் என்று ஆகிவிட்டாலும் ஆபத்து. இதற்கு ஒரே வழி, சேரும் நாளிலேயே எல்லையை வெளிப்படையாகச் சொல்வது: பழைய கதை எதையும் நான் கேட்கமாட்டேன்; ஆனால் யாரையாவது வெட்டப்போகிறார்கள் என்றோ, யாராவது தன்னையே மாய்த்துக்கொள்ளப்போகிறான் என்றோ, மைதானத்துக்குள் ஆயுதம் வந்திருக்கிறது என்றோ தெரிந்தால் அந்த நிமிடமே சொல்லிவிடுவேன், சொல்லப்போகிறேன் என்பதை உன்னிடமும் சொல்வேன்.

ஏழாம் படி: கொடைக் காலமும் பழி நாள்களும்

ஒவ்வொரு ஊருக்கும் ஒரு பஞ்சாங்கம் உண்டு: கொடை நாள், தலைவர்களின் பிறந்தநாளும் நினைவு நாளும், முன்பு நடந்த கொலையின் ஆண்டு நாள். ஃபிளக்ஸ் யார் தெருமுனையில் கட்டுவது, எந்தப் பாட்டைப் போடுவது என்பதில் தொடங்குவது எங்கே போய் முடியும் என்று நமக்குத் தெரியும். அந்த நாள்களை ஆண்டின் தொடக்கத்திலேயே குறித்து, அன்று வெளியூர் மேட்ச் வையுங்கள். காலையில் அம்பாசமுத்திரத்துக்கோ கூத்தங்குழிக்கோ வேன் ஏறி, இரவு பத்து மணிக்குக் களைத்துப்போய் இறங்கும் பையனைக் கூட்டத்துக்குக் கூப்பிட்டாலும் போகமாட்டான். தன் வீட்டுக் கொடையையே விட்டுவிட்டு வரச் சொல்லக் கூடாது; சாமி கும்பிட்டுவிட்டு வரும்படி நேரத்தை வையுங்கள். ஊரில் ஒரு வெட்டு நடந்த மறுநாள் பயிற்சியை ரத்து செய்யத்தான் எல்லோரும் சொல்வார்கள். காவல்துறையிடம் பேசிப் பாதுகாப்பை உறுதி செய்துகொண்டு, கூடுமானவரை நடத்துங்கள். மைதானத்துக்கு வர முடியாதென்றால் ஒவ்வொருவர் வீட்டுக்கும் நீங்கள் போங்கள்.

எட்டாம் படி: ஆட்டத்துக்கு அடுத்து

18 வயது ஆகிறவனுக்கு மையத்தில் இடமில்லை என்றால் ஆறு ஆண்டு உழைப்பும் வீணாகும். 16 வயதிலேயே சிறுவர் ஆட்டங்களுக்கு ரெஃப்ரியாக நிறுத்தி, மேட்சுக்கு இவ்வளவு என்று சம்பளம் கொடுங்கள். விசில் கையில் இருப்பவன் விதியை மதிக்கக் கற்றுக்கொள்கிறான். பள்ளியை விட்டவனைத் தனித்தேர்வராகப் பத்தாம் வகுப்பு எழுதவைக்கவும், பேட்டை அரசு ஐ.டி.ஐ.யில் சேர விண்ணப்பம் நிரப்பவும் ஒருவர் பொறுப்பெடுக்கட்டும். திறமை உள்ளவர்களுக்கு முதலமைச்சர் கோப்பை, விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் விளையாட்டு விடுதி, அரசு வேலையில் விளையாட்டு வீரர்களுக்கான 3 விழுக்காடு ஒதுக்கீடு ஆகிய வழிகள் உள்ளன. வியாசர்பாடியிலிருந்து நந்தகுமார் சேகர் இந்திய அணி வரை போனதைச் சொல்லலாம். எல்லோரும் அப்படிப் போகலாம் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். ஐம்பது பேரில் ஒருவர்கூடத் தொழில்முறை ஆட்டக்காரராக ஆகாமல் போகலாம்.

ஒன்பதாம் படி: பதிவேடு

கோப்பைகளை எண்ணுவதை விட்டுவிட்டு வருகையை எண்ணுங்கள். பெயர், வந்த நாள், வராத நாள், காரணம், யார் போய்ப் பார்த்தார் என்ற ஐந்து பத்திகள் கொண்ட ஒரு நோட்டு போதும். சாதிக்குப் பத்தி வேண்டாம், வழக்குக்கும் வேண்டாம். தொடர்ந்து மூன்று நாள் வராதவன் வீட்டுக்கு மூன்றாம் நாள் மாலையே ஒருவர் போக வேண்டும். வாட்ஸப்பில் கேட்டால் ‘காய்ச்சல் சார்’ என்று ஒரு வரி வரும், வாசலில் நின்று “ஏல, சாப்ட்டியா?” என்று கேட்டால்தான் உண்மை வரும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை பள்ளி வருகைப் பதிவையும் தலைமையாசிரியரிடம் கேட்டு ஒப்பிடுங்கள். உங்கள் மையத்தால் ஊரில் குற்றம் குறைந்தது என்று நன்கொடையாளரிடம் எண் சொல்லாதீர்கள், அதை ஒரு மையத்தின் கணக்கிலிருந்து நிறுவ முடியாது. எத்தனை பேர் தொடர்ந்து வருகிறார்கள், எத்தனை பேர் பள்ளிக்குத் திரும்பினார்கள் என்பதைச் சொல்லுங்கள்.

பயிற்சியாளர் மாற்றலாகிப் போகும் நாளும் வரும். அதற்கு மூன்று மாதம் முன்பே அடுத்தவரை உடன் நிறுத்தி, வீடு வீடாகக் கூட்டிப்போய் அறிமுகப்படுத்தி, நோட்டையும் மைதானச் சாவியையும் பையன்கள் முன்னிலையில் அவர் கையில் கொடுத்துவிட்டுப் போகட்டும்.